சின்னக் காருக்கு வீட்டிலேயே ஃபைபர் லிப்: செலவுக் கணக்கும் செய்முறையும்

மளிகைக் கடைக்காரனுக்கும் காருக்கு அழகுப் பாகம் செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசக நண்பர்கள் கேட்கக் கூடும். நம்மில் பலர் வீட்டில் பழைய மாருதி 800 ஒன்று இன்னும் நிற்கிறது. 1983 டிசம்பரில் முதல் வண்டி டெல்லியில் கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நின்ற பிறகும் சரக்கு எடுக்கவும் வசூலுக்குப் போகவும் அதைத்தான் ஓட்டுகிறோம். பம்பர் கீழே உரசி ஓரம் பிய்ந்திருக்கும். அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் புதிய மாடல்களுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது. 800-க்கு வேண்டுமென்றால் ஆள் வைத்துச் செய்ய வேண்டும், அல்லது நாமே செய்துகொள்ள வேண்டும்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தங்கை மகன் ஒரு விடுமுறையில் வந்து, "மாமா, முன் பம்பருக்குக் கீழே ஒரு லிப் போட்டா வண்டி எடுப்பா இருக்கும், நானே செஞ்சு தர்றேன்" என்றான். சம்மதித்தேன். முதல் தடவை வீணாயிற்று, இரண்டாம் தடவை சுமாராக வந்தது, மூன்றாவதுதான் இன்றும் வண்டியில் இருக்கிறது. அந்த மூன்று தடவைக்கும் ஆன செலவில் என்ன கற்றோமோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நமக்குப் பழக்கமான எடைபோடும் வேலை இதில் நிறைய இருப்பதால், வணிகர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

ஃபைபர் என்பது என்ன?

நாம் ஃபைபர் என்று பொதுவாகச் சொல்வது இரண்டு பொருள்களின் சேர்க்கை. கட்டடத்தில் கம்பியும் சிமெண்டும் சேர்ந்து கான்கிரீட் ஆவது போல, இங்கே கண்ணாடி இழையும் ரெசின் என்னும் பிசினும் சேருகின்றன. இழை இழுவிசையைத் தாங்குகிறது. பிசின் இழையை அசையாமல் பிடித்து வைக்கிறது. பிசின் மட்டும் இருந்தால் பிஸ்கட் போல உடையும். இழை மட்டும் இருந்தால் அது வெறும் துணி.

காருக்கு இதைப் பயன்படுத்துவது புதிதல்ல. அமெரிக்காவின் செவர்லே கார்வெட் 1953-இல் கண்ணாடி இழை உடலுடன்தான் வந்தது. அந்த முதல் ஆண்டில் 300 வண்டிகளே செய்தார்கள். நம் பக்கத்தில் பெங்களூரின் சிப்பானி நிறுவனம் 1982-இல் விற்ற டால்ஃபின் காரின் உடலும் ஃபைபர்தான். பெரிய அச்சு இயந்திரம் வாங்க முதலில்லாத சிறு நிறுவனங்களுக்கு இந்தப் பொருள் கைகொடுத்த காரணம்தான் நமக்கும் காரணம்: அடுப்பு வேண்டாம், அழுத்தும் இயந்திரம் வேண்டாம், தூரிகையும் பொறுமையும் இருந்தால் போதும்.

கடையில் கேட்டு வாங்க வேண்டியவை இவை. சாதாரண பாலியெஸ்டர் ரெசின். அதைக் கட்டிப்படுத்தும் கேட்டலிஸ்ட். அந்த வேலையை விரைவுபடுத்தும் ஆக்ஸிலரேட்டர், இதைக் கோபால்ட் என்றும் சொல்வார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் உள்ள ஃபைபர் மேட். கையுறை, முகமூடி, கண்ணாடி. தூரிகை கழுவ அசிட்டோன். காற்றுக் குமிழை அமுக்கி வெளியேற்றச் சிறிய வரிவரியான இரும்பு உருளை ஒன்று கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் தூரிகை முனையால் குத்திக் குத்தியும் செய்யலாம், நேரம்தான் கூடும்.

கணக்கு

விலையை நான் இங்கே எழுதவில்லை. ரெசின் விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். எடையை எழுதுகிறேன், உங்கள் ஊர் விலையை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

மாருதி 800-இன் அகலம் 1,440 மில்லிமீட்டர். லிப் இரு ஓரங்களிலும் கொஞ்சம் வளைந்து திரும்ப வேண்டும் என்பதால் நீளம் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முகப்பு 12, பம்பரோடு சேர்த்துப் பொருத்தும் மேல் மடிப்பு 6, அடியில் விறைப்புக்காக உள்ளே திரும்பும் மடிப்பு 4, ஆக 22 சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் சுமார் 0.35 சதுர மீட்டர்.

450 கிராம் மேட் ஒரு அடுக்கு ரெசினில் நனைந்து காய்ந்தால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் வரும். நமக்கு 3 மில்லிமீட்டர் வேண்டும். எனவே மூன்று அடுக்கு. வெட்டுக் கழிவையும் சேர்த்து மேட் 1.2 சதுர மீட்டர், அதாவது 540 கிராம். மேட்டின் எடையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும். ஏறத்தாழ 1,200 கிராம். ஓரம் வெட்டிய பின் மொத்தப் பாகம் ஒன்றரை, ஒன்றேமுக்கால் கிலோவுக்குள் நிற்கும். ரெசினைக் கூட ஊற்றினால் பலம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. அளவுக்கு மேற்பட்ட ரெசின் எடையையும் விரிசலையும்தான் தரும்.

இந்த இடத்தில்தான் வியாபாரப் புத்தி வேண்டும். பட்டறைகளில் முதலில் ஒரு மாதிரி செய்து, அதன் மேல் ஃபைபரிலேயே அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் பாகத்தை வார்ப்பார்கள். அச்சு வளையக் கூடாது என்பதால் பாகத்தைப் போல இரண்டு பங்கு கனமாக, ஆறு அடுக்காகப் போட வேண்டும். அப்படியானால் அச்சுக்கு மட்டும் பாகத்தைப் போல இரு மடங்கு சரக்கு போகும். ஒரே ஒரு லிப்புக்காக அச்சு எடுப்பவர் ஒன்றின் விலையில் மூன்றுக்குச் செலவழிக்கிறார். நான்கைந்து நண்பர்கள் ஒரே மாடல் வண்டி வைத்திருந்து, ஆளுக்கு ஒன்று செய்துகொள்வதாக இருந்தால் அச்சு கட்டுப்படியாகும். அதோடு அச்சில் வார்த்த பாகத்தின் வெளிமுகம் வழவழப்பாக வரும். ஒன்றே ஒன்று என்றால் அச்சு வேண்டாம். மாதிரியின் மேலேயே நேரடியாக ஃபைபரைப் போட்டு, வெளிமுகத்தைப் பட்டி பார்த்துத் தேய்த்துக்கொள்வதே சிக்கனம். கீழே சொல்வது இந்த இரண்டாவது முறை.

மாதிரி செய்வது

பம்பரைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஒரு மேசையில் கவிழ்த்து வைக்க வேண்டும். உட்புறத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். 'பி.பி.' என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். அதன் மேல் ரெசினோ பட்டியோ உறுதியாக ஒட்டாது. பிய்ந்த பம்பரின் மேலேயே நேரடியாக ஃபைபர் போட்டு ஒட்டவைத்தவர்கள், ஆறு மாதத்தில் அது பாளமாக உரிந்து வந்ததைப் பார்த்திருப்பார்கள். ஆகவே லிப்பைத் தனிப் பாகமாகச் செய்து போல்ட்டில் மாட்டுவதே சரி.

மாதிரிக்குத் தெர்மாகோல் கைக்கு எட்டிய பொருள். டிவிப் பெட்டி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வருவதே போதும். கத்தியாலும் உப்புத்தாளாலும் வேண்டிய வடிவத்துக்குச் செதுக்கலாம். கூரான மூலைகள் வைக்க வேண்டாம். மேட் அவற்றில் மடங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கும், அடியில் காற்று தங்கும். எல்லா மூலையும் குறைந்தது சுண்டுவிரல் போக உருண்டு இருக்கட்டும்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படிக்கவும். பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. அது தெர்மாகோலைச் சர்க்கரையைத் தண்ணீர் கரைப்பது போலக் கரைத்துவிடும். எங்கள் முதல் லிப் வீணானது இதனால்தான். செதுக்கிய தெர்மாகோலின் மேல் ரெசின் படக் கூடாது என்று தெரிந்து, பாக்கிங் டேப் சுற்றியிருந்தோம். இரண்டு டேப் சேரும் ஓர் இடத்தில் விரற்கடை அளவு இடைவெளி விட்டிருக்கிறான் பையன். இரவில் அதன் வழியே இறங்கிய ரெசின் உள்ளே குகை போலத் தின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் லிப்பின் நடுவே ஒரு பள்ளம், அதற்குள் பிசுபிசுவென்று பசை.

நாம் அட்டைப்பெட்டி ஒட்டும் அதே பழுப்பு பாக்கிங் டேப்தான் இதற்கு மிகப் பொருத்தம். ரெசின் அதில் ஒட்டாது. காய்ந்த பின் தானாக விடுபடும். ஒவ்வொரு டேப்பும் அடுத்ததன் மேல் பாதி ஏறும்படி இரண்டு சுற்று ஒட்டவும். விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பார்த்து, சுருக்கம் உள்ள இடங்களில் இன்னொரு துண்டு ஒட்டவும். பம்பரின் பக்கத்தில் மேல் மடிப்பு படியும் இடத்திலும் இதே டேப்பை ஒட்டிவிட்டால், லிப் பம்பரின் வளைவை அப்படியே எடுத்துக்கொள்ளும். பிறகு மாட்டும்போது இடைவெளி தெரியாது. தெர்மாகோல் கிடைக்காவிட்டால் களிமண்ணிலும் செய்யலாம். ஈரம் உலர்ந்து, மேலே டேப்போ பாலிதீனோ மூடியிருக்க வேண்டும்.

ரெசின் கலப்பது

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறைக்காரர் ஒருவரிடம் இரண்டு நாள் நின்று பார்த்துத்தான் இதைக் கற்றோம். அவர் முதலில் சொன்னது: "அண்ணாச்சி, நீங்க பருப்பு எடை போடுற மாதிரி இதையும் போடுங்க. கண்ணளவுல ஊத்துறவன் வேலைதான் கெட்டுப்போகும்."

ஒரு தடவைக்கு அரை கிலோ ரெசினுக்கு மேல் கலக்க வேண்டாம். முதலில் ஆக்ஸிலரேட்டரை ரெசினில் ஊற்றி, நிறம் ஒரே சீராக வரும்வரை கிளற வேண்டும். அது ஊதா நிறமாக இருப்பதால் கலந்ததா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும். சில கடைகளில் இதைச் சேர்த்தே ரெசின் விற்கிறார்கள், கேட்டுக்கொள்ளவும். பிறகு, தூரிகையைக் கையில் எடுக்கப் போகும்போதுதான், கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். 500 கிராமுக்கு ஒரு சதவீதம் என்றால் 5 கிராம். கேட்டலிஸ்ட் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. ஊசி போடும் சிரிஞ்சில் அளந்தால் சுமார் நாலரை மில்லி. அளவு ஒன்றுக்கும் இரண்டு சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரின் அளவு அதன் வீரியத்தைப் பொறுத்தது என்பதால் விற்பவர் தரும் சீட்டில் உள்ளபடி போடவும்.

நம் ஊர் வெயிலில் ரெசின் கப்பிலேயே கட்டியாகிவிடுகிறதே என்று கேட்டலிஸ்ட்டைக் கால் சதவீதம், அரை சதவீதம் என்று குறைக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் முழுதாக இறுகாது. மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே சொதசொதவென்று இருந்து, பிறகு வெயிலில் வளைந்துகொடுக்கும். எங்கள் இரண்டாவது லிப் அப்படித்தான் மே மாதத்தில் கீழே தொங்கிப் போயிற்று. வெயிலுக்குப் பரிகாரம், காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்குவதும், ஒரு தடவைக்குக் கால் கிலோவாகக் கலப்பதும்தான். மழை நாளில் இந்த வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். மேட் ஈரம் வாங்கினால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப் பலம் குறையும்.

எடைக்குக் கடைத் தராசைக் கொண்டுபோக வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முத்திரை போட்ட தராசில் ரெசின் ஒரு சொட்டு சிந்திக் காய்ந்தால் அது அங்கேயே கல்லாகிவிடும். மறுநாள் வாடிக்கையாளருக்கு எடை போடும்போது யாருக்குப் பதில் சொல்வது? சமையலுக்கு விற்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை இதற்கென்றே வாங்கிக்கொள்ளவும்.

மேட் போடுவது

மேட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுவதைவிட ஓரங்களைக் கையால் கிழிப்பது நல்லது. வெட்டிய ஓரம் படிக்கட்டு போலத் துருத்தும்; கிழித்த ஓரம் அடுத்த துண்டோடு கரைந்து போகும். நீளம் முழுவதற்கும் ஒரே துண்டு வேண்டாம். ஒன்றரை சாண் துண்டுகளாக, ஒன்றன் மேல் ஒன்று இரண்டு அங்குலம் ஏறும்படி வைக்கலாம்.

டேப்பின் மேல் முதலில் ரெசினைப் பூசி, அதில் மேட்டை வைத்து, மேலே தூரிகையால் குத்த வேண்டும். சுவருக்கு வெள்ளை அடிப்பது போல இழுக்கக் கூடாது. இழுத்தால் இழை தூரிகையோடு வந்துவிடும். மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசை ரெசினில் சில நிமிடங்களில் கரையும். அதுவரை விறைப்பாக நிற்கும் மேட், பிறகு ஈரத்துணி போல வளைவுகளில் படியும். அவசரப்படாமல் அந்த நேரத்துக்குக் காத்திருப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. சரியாக நனைந்த இடம் கண்ணாடி போலத் தெரியும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று இருக்கிறது. மூன்று அடுக்கையும் ஒரே மூச்சில் போடலாம்.

போல்ட் வரப்போகும் இடங்களில் உள்ளங்கை அளவில் இன்னும் இரண்டு துண்டு கூடுதலாகப் போட்டு, அங்கு 5 மில்லிமீட்டர் கனம் வரும்படி செய்யவும். பெரும்பாலான வீட்டு வேலைகள் உடைவது அந்தத் துளைகளைச் சுற்றித்தான்.

ரெசின் இறுகத் தொடங்கித் தோல் போல இருக்கும் சமயம் ஒன்று வரும். கல் போலவும் ஆகாது, ஒட்டவும் செய்யாது. அந்தச் சமயத்தில் கூரான கத்தியால் ஓரங்களை வெட்டினால் சுரைக்காய் வெட்டுவது போலப் போகும். விட்டுவிட்டால் மறுநாள் ரம்பம்தான் போட வேண்டும். கண்ணாடித் தூள் வீடெல்லாம் பறக்கும். ஒரு நாள் முழுதும் அசைக்காமல் வைத்திருந்து பிறகு கழற்றவும். வண்ணம் அடிப்பதற்கு முன் ஒரு வாரம் வெயிலில் கிடந்தால் மிச்ச வாடையும் போய்ப் பாகம் நன்றாக இறுகும்.

பட்டி பார்ப்பதும் வண்ணமும் பெயிண்ட் பட்டறை வேலைதான். 80 எண் உப்புத்தாளில் தொடங்கிப் படிப்படியாக 400, 600 வாட்டர் பேப்பர் வரை தேய்த்து, பிரைமர் அடித்து, வண்டியின் நிறத்தைக் கொடுக்க வேண்டும். தூசி இல்லாத இடம் வீட்டில் கிடைக்காது. ஆகவே தேய்க்கும் வேலையை நாமே முடித்துவிட்டு, பெயிண்டுக்கு மட்டும் பட்டறையில் கொடுத்தால் கூலி நிறைய மிச்சம்.

கடைக்குள் வரக் கூடாதவை

இதைத் தனியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு.

ரெசின் டின்னை ஒரே ஓர் இரவு கடைக்குப் பின்னால் கிடங்கில் வைத்திருந்தேன். மூடி சரியாக இறுகவில்லை. பக்கத்தில் ஒரு சாக்குத் தேயிலைத் தூள். மறுநாள் வாடை கொஞ்சம் இருந்தது, காற்றோட்டம் கொடுத்தேன், போய்விட்டது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஓட்டல்காரர் ஒருவர் அரை கிலோ பொட்டலத்தோடு வந்து, "அண்ணாச்சி, டீ பிளாஸ்டிக் மாதிரி அடிக்குது" என்றார். ஒரு கப் போட்டுக் குடித்துப் பார்த்தேன். சாக்கு முழுவதையும் குப்பையில் கொட்டினேன். தேயிலை, காபித் தூள், பால் பவுடர், எண்ணெய் வகைகள் ஆகியவை ஸ்டைரீன் வாடையை மிக எளிதில் இழுத்துக்கொள்ளும், பிறகு போகாது. லிப்பில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கு அந்தச் சாக்கில் போயிற்று.

இரண்டாவது சம்பவம் பணத்தோடு நிற்கவில்லை. கேட்டலிஸ்ட் நிறமற்றது, பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நாங்கள் வாங்கிய கடையில் அதைப் பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றில் ஊற்றிக் கொடுத்தார்கள். நானும் யோசிக்காமல் கல்லாப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்த கடைப் பையன் அதை எடுத்து மூடியைத் திருகிவிட்டான். வாடை வித்தியாசமாக இருக்கவே வாயில் வைக்காமல் என்னைக் கூப்பிட்டான். மூடியைத் திருகும்போது தெறித்த ஒரு துளி கையில் பட்டு அந்த இடம் வெந்து வெளுத்திருந்தது. கண்ணில் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். குடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பதினாறு பதினேழு வயதுப் பையன். அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் சில இரவுகளில் நினைத்துக்கொள்கிறேன்.

கேட்டலிஸ்ட்டை அது வந்த டப்பாவிலேயே, பெயர்ச் சீட்டோடுதான் வாங்கவும். சில்லறையில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லவும். கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இமையைத் திறந்து பிடித்துப் பதினைந்து நிமிடமாவது கழுவி, நேராகக் கண் மருத்துவரிடம் போகவும். வேலை செய்யும்போது கண்ணாடி இல்லாமல் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கேட்டலிஸ்ட்டும் ஆக்ஸிலரேட்டரும் ரெசின் இல்லாமல் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதுகூடத் தப்பு. இரண்டையும் வேறு வேறு அலமாரியில், வெயில் படாத இடத்தில் வைக்கவும். கப்பில் மிஞ்சிய ரெசின் இறுகும்போது கை வைக்க முடியாதபடி சூடேறிப் புகையும். அதை வெளியே வெறுந்தரையில் வைக்கவும். கேட்டலிஸ்ட் துடைத்த துணியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போடவும். ஸ்டைரீன் ஆவி எளிதில் பற்றக்கூடியது. பக்கத்தில் விளக்கு, பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். மூடிய அறையில் வேலை செய்தால் தலை சுற்றும். மொட்டைமாடியோ திறந்த கொல்லையோதான் சரியான இடம்.

மாட்டுவது

இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பி லிப்பை மாட்டுகிறவர்கள் நெடுஞ்சாலையில் அதைப் பின்னால் வருகிறவருக்குப் பரிசளிக்கிறார்கள். இருசக்கர வண்டிக்காரர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆறு இடத்தில் போல்ட் போடவும். துளை ஓரத்திலிருந்து ஓர் அங்குலமாவது உள்ளே இருக்கட்டும். அகலமான வாஷரும், அதற்கும் ஃபைபருக்கும் நடுவே ரப்பர் வாஷரும், அதிர்வில் கழலாத நைலான் நட்டும் போடவும். வெயிலில் பம்பர் விரியும். அதற்கு இடம் விட்டுத் துளையை போல்ட்டைவிட ஒரு நூல் பெரிதாகப் போடவும்.

கீழே எவ்வளவு இறங்கலாம் என்பதைப் படம் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்ல ஏறி இறங்க வேண்டும். நம் தெருவில் அப்படி ஒன்றை யாராவது பார்த்திருந்தால் எனக்கு எழுதவும். முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து லிப்பின் அடி ஓரத்துக்கு ஒரு கயிறு பிடித்து, உங்கள் தெரு வேகத்தடை, வீட்டுச் சாய்வுப் பாதை இரண்டும் அந்தக் கயிற்றுக்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டிக்கு 12 சென்டிமீட்டர் முகப்பு என்று திட்டமிட்டு, கடைசியில் 8-ஆகக் குறைத்தோம்.

ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயை மறைக்கக் கூடாது. நகரத்துக்குள் ஓடும் சின்னக் காருக்கு லிப்பினால் வேகமோ மைலேஜோ கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது பார்வைக்குத்தான். பக்கவாட்டில் ஸ்கர்ட் போட நினைப்பவர்கள், கதவுக்குக் கீழே உள்ள தகட்டில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருப்பதைக் கவனிக்கவும். அவற்றை அடைத்தால் இரண்டு மழையில் தகடு உள்ளிருந்து துருவேறும். ஜாக்கி வைக்கும் இடமும் திறந்திருக்க வேண்டும். பானெட், பம்பர், விளக்கு மூடி ஆகியவற்றை வீட்டில் செய்ய வேண்டாம். பானெட் காற்றில் திறந்துகொண்டால் எதிரே எதுவும் தெரியாது.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்னால் போடும் இரும்புக் கம்பித் தடுப்புகளை மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

ஆகவே போல்ட்டைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகிவிட வேண்டும். உடலை வெட்டவோ பற்றவைக்கவோ கூடாது. லிப் பம்பரின் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது. நம்பர் பலகையும் விளக்குகளும் மறையக் கூடாது. இவ்வளவும் செய்தாலும், மாட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பாகத்தைக் காட்டிக் கேட்டுவிடவும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளவும். 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க ஆய்வுக்குப் போகும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். நாங்கள் ஆய்வுக்குப் போன அன்று லிப்பைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனோம். ஆறு நட்டுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று.

மாட்டிய பின் முதல் 500 கிலோமீட்டரில் ஒரு தடவை நட்டுகளை இறுக்கிப் பார்க்கவும். கல் பட்டு விரிசல் விழுந்தால் வெளியே பட்டி பூசி மறைக்க வேண்டாம். கழற்றி, உட்பக்கம் நன்றாகச் சுரண்டி, இரண்டு அடுக்கு மேட் போட்டால் ஒட்டிக்கொள்ளும். அதற்கென்று அரை மீட்டர் மேட்டைப் பாலிதீன் பையில் ஈரம் படாமல் சுற்றி வைத்திருக்கலாம். மிச்ச ரெசினைச் சேமித்து வைக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் சில மாதங்களில் டின்னிலேயே கெட்டியாகிவிடும். தேவைப்படும்போது அரை கிலோவாக வாங்கிக்கொள்ளலாம்.